சிற்பம் படித்துவிட்டுக் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுவது தோல்விதானே?

கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது. இதையே ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் என்னிடம் கேட்டார்: "அஞ்சு வருஷம் சிலை செய்யப் படிச்சுட்டு, இப்போ சின்னப் பசங்களுக்குப் பொம்மை போடறியாமே?" நீங்களும் சிற்பம் முடித்துவிட்டு வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் என்று ஒருவர். 'ஜுமாஞ்சி' படத்தை டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு மூலக்கதை, 1981இல் அவர் எழுதி வரைந்த புத்தகம். ஆள் படித்தது சிற்பம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, 1975இல் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் முதுகலை. நியூயார்க்கில் சிற்பக் கண்காட்சியும் வைத்தார். வரைவதெல்லாம் அவருக்கு வீட்டில் செய்யும் பொழுதுபோக்கு. இதைப் புத்தகமாக்கலாமே என்று தூண்டிவிட்டது மனைவி லிசா. முதல் புத்தகம் 1979இல் வந்தது. அமெரிக்கப் படப் புத்தகங்களுக்குப் பெரிய மரியாதையான கால்டிகாட் பதக்கம், ஜுமாஞ்சிக்கு 1982இல், 'போலார் எக்ஸ்பிரஸ்'ஸுக்கு 1986இல். இது தோல்வி என்றால் எனக்கும் ஒரு கரண்டி போடுங்கள்.

"அவர் எங்கே, நீ எங்கே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். ஒப்பிடவில்லை. கை எங்கே பழகியது என்பதைத்தான் சொல்கிறேன்.

என் முதல் படப் புத்தகத்துக்கு ஒரு யானை. நாலு நாள் வரைந்து தங்கை மகனிடம் காட்டினேன். ஆறு வயது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது நிக்கல, தொங்குது" என்றான். கோபம்தான் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. கால் நாலும் தரையைத் தொட்டிருந்தன. கனம் எதிலும் இறங்கவில்லை. அன்று ராத்திரி கம்பியை வளைத்துக் கூடு கட்டி, களிமண் அப்பி, கையளவு யானை ஒன்று செய்தேன். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்ததும் வயிற்றுக்கு அடியில் நிழல் கட்டியது. அதைப் பார்த்து வரைந்தேன். யானை நின்றது.

அதற்கப்புறம் ஜுமாஞ்சியை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. முழுக்கக் கருப்பு வெள்ளை. பியானோ மேல் ஒரு சிங்கம். அதன் எடை பியானோவுக்குத் தெரியும் என்பதுபோல இருக்கும். வெறும் பென்சில்காரருக்கு அது அவ்வளவு சுலபத்தில் வராது என்பது என் எண்ணம். (ஓவியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எண்ணம் என்றுதான் சொன்னேன்.)

அந்த யானையும் முழுசாகத் தப்பவில்லை. அச்சில் மை ஊறி, நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சாம்பல் நிழலெல்லாம் கரிப்பூச்சாகிவிட்டது. அட்டையில் எழுத்தாளர் பெயர் கொட்டை எழுத்தில். என் பெயர் உள்ளே, விலைக்குக் கீழே.

ஆனாலும் சிலை வேலைக்கு இது எவ்வளவோ மேல். ஒருமுறை ஒரு பெரிய குடும்பத்தில், காலமான தாத்தாவுக்கு இடுப்பளவு ஃபைபர் சிலை கேட்டார்கள். போட்டோவில் நல்ல தொப்பை. களிமண்ணில் அப்படியே வைத்தேன். பெரிய மகன் வந்து பார்த்து, "அப்பா வயிற்றைக் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்றார். குறைத்தேன். சின்ன மகன் வந்து இன்னும் குறைக்கச் சொன்னார். அச்சு எடுக்கும்போது தாத்தா கபடி வீரர் மாதிரி இருந்தார். "இது எங்க அப்பா மாதிரியே இல்லையே" என்று பாதிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். இன்றுவரை வரவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதையெல்லாம் விட்டு வந்ததைத்தான் இறங்கி வந்ததாகச் சொல்கிறார்கள்.

வான் ஆல்ஸ்பர்க் தன் முதல் புத்தகத்தில் வந்த புல் டெரியர் நாயை மற்றப் புத்தகங்களிலும் எங்காவது ஒளித்து வைப்பார். ஜுமாஞ்சியில் அது சக்கரம் வைத்த பொம்மை. அதைப் பார்த்து நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். என் புத்தகங்களில் மளிகைக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், ராஜா, யாராவது ஒருவருக்கு அந்தத் தாத்தாவின் தொப்பையைச் சுரண்டாமல் முழுசாக வைத்துவிடுவேன். இதுவரை யாரும் குறைக்கச் சொல்லவில்லை.