பிள்ளைக்கு ஜிம்மா, மைதானமா? பணத்தை எதில் போடுவது: கேள்வி-பதில்

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் முடிந்த கையோடு பெற்றோரின் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. தோற்ற பிள்ளைக்குப் பயிற்சி தேட வேண்டும், வென்ற பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும். எதற்குச் செலவழிப்பது, எதற்குக் கையை மூடிக்கொள்வது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

என் மகனுக்கு 13 வயது. நண்பர்களோடு ஜிம்மில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் மூன்று மாதம் இலவசம் என்கிறார்கள். மாமியாரோ, இந்த வயதில் பாரம் தூக்கினால் பிள்ளை வளராமல் குட்டையாகிவிடுவான் என்கிறார். சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, உவர்மலை

மாமியார் சொல்வதை ஊரில் பாதிப்பேர் நம்புகிறார்கள். ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. எலும்பின் நுனிகளில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு பதின்வயதின் பிற்பகுதியில்தான் இறுகி எலும்பாகிறது. முறை தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, சிறு பாரத்தைத் தூக்குவதால் அதற்குக் கேடு வருவதில்லை. மதிலிலிருந்து குதிக்கும்போது உங்கள் மகனின் கால் தாங்கும் சுமை, கையில் பிடிக்கும் இரண்டு கிலோ டம்பலைவிடப் பல மடங்கு. குதிக்காதே என்று யாரும் குட்டையாகிவிடும் பயத்தில் சொல்வதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும், கண்காணிப்போடு செய்யும் தசைப் பயிற்சி பிள்ளைகளுக்கு உகந்தது என்றே கூறுகிறது. முறை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் ‘அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய்’ என்ற பரீட்சை மட்டும் கூடாது.

பயப்பட வேண்டியது, நண்பர்களுக்குள் பிடிக்கும் பந்தயத்துக்கும் காலில் விழும் இரும்புப் பிளேட்டுக்கும் இயந்திரத்தில் நசியும் விரலுக்கும்தான். இவையெல்லாம் பெரும்பாலும் பெரியவர் யாரும் பார்க்காத நேரத்தில் நடப்பவை. ஆகவே கட்டணம் கட்டுமுன், மகன் போகப்போகும் அதே மாலை நேரத்தில் நீங்கள் போய் ஒரு கதிரையில் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். பயிற்றுவிப்பாளரின் கண் பிள்ளைகளில் இருக்கிறதா, கைத்தொலைபேசியில் இருக்கிறதா? அடுத்து, மகனைக் கூட்டிப்போய்க் கால் தசைக்கான இயந்திரத்தில் இருத்துங்கள். இருக்கையை ஆகக் கிட்டவாக நகர்த்திய பிறகும் அவனுடைய முழங்கால் இயந்திரத்தின் அச்சுக்கு நேரே வரவில்லை என்றால், அந்த இயந்திரம் அவனுக்கானது அல்ல. பெரியவர்களின் அளவுக்குச் செய்தவை அவை. நீளமான ஒலிம்பிக் இரும்புத் தண்டு பிளேட் எதுவும் போடாமலே 20 கிலோ. நாற்பது கிலோப் பையனுக்கு அது தன் நிறையில் பாதி. ஒரு கிலோ, இரண்டு கிலோ டம்பல்களும் இழுத்துப் பழகும் ரப்பர் பட்டைகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ‘பெடியனுக்கு முதலில் என்ன பழக்குவீர்கள்?’ என்ற கேள்விக்கு, பாரமில்லாமல் குந்தி எழும்பவும் தண்டால் எடுக்கவும் என்று பதில் வந்தால் நல்ல இடம். ‘மூன்று மாதத்தில் உடம்பைக் காட்டுகிறேன்’ என்றால் எழும்பி வாருங்கள்.

வருடக் கட்டணம் வேண்டவே வேண்டாம். பதின்மூன்று வயதின் ஆசை எத்தனை மாதம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். மழைக்காலத்திலும் பரீட்சைக் காலத்திலும் எப்படியும் நின்றுவிடுவான். மாதம் மாதம் கட்டுங்கள், பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். முற்பணம் கட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை அந்தச் சீட்டின் பின்பக்கத்திலாவது எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

ஜிம் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. 5 முதல் 17 வயதுவரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கும் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். திருகோணமலைக் கோட்டை வாசலில் தொடங்கி கோணேசர் கோயில்வரை ஏறி இறங்குவதும், வளவில் ஒரு மாமரக் கிளையில் தொங்கி எழுவதும், மைதானத்தில் பந்தின் பின்னால் ஓடுவதும் இந்தக் கணக்கில் சேரும். இதற்கெல்லாம் கட்டணமில்லை.

மகளுக்குப் பத்து வயது. மாவட்டப் போட்டிக்காக வாரத்தில் ஏழு நாளும் ஓட்டப் பயிற்சி. குதிக்கால் நோகிறது என்கிறாள். ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் சரியாகும் என்று பயிற்றுவிப்பவர் சொல்கிறார். விலையோ கை கடிக்கிறது.
— ஒரு தாய், லிங்கநகர்

வாங்காதீர்கள். எட்டுக்கும் பதினாலுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் குதிக்கால் நோவு என்றால், பெரும்பாலும் அங்குள்ள வளர்ச்சிப் பகுதியைக் கெண்டைத் தசை திரும்பத் திரும்ப இழுப்பதுதான் காரணம். ஆணிச் சப்பாத்தின் குதிப்பக்கத்தில் மெத்தை மிகக் குறைவு, நோவு கூடும். டச்சுபே கடற்கரையின் பொதபொதவென்ற மணலில் ஓடினாலும் கெண்டைக்கு இரட்டை வேலை. அலை நனைத்து இறுகிய ஓரம் பரவாயில்லை. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்தாலே பல பிள்ளைகளுக்குச் சுகமாகிவிடும். நொண்டி நடந்தாலோ, வீங்கினாலோ, இரவில் நோவால் எழும்பினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏழு நாள் பயிற்சி என்பதுதான் எனக்கு இடிக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஒரு வாரத்தில் பயிற்சி மணித்தியாலங்கள் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு; பத்து வயதுக்குப் பத்து மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். பயிற்றுவிப்பவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

சப்பாத்து வாங்கத்தான் வேண்டுமென்றால் சாதாரண ஓட்டச் சப்பாத்துப் போதும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அவள் போடும் அதே காலுறையோடு கடைக்குப் போங்கள். எழுந்து நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். சப்பாத்தைக் கையில் எடுத்து இரு முனையையும் அழுத்திப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுவில் மடிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ‘வளருகிற பிள்ளைதானே’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கால் உள்ளே வழுக்கினால் கணுக்கால் பிரளும்.

16 வயது மகன் புரத மா கேட்கிறான். பிரதான வீதியில் ஒரு கடையில் பார்த்தேன். டின்னில் விலை அச்சடித்த இடம் சுரண்டப்பட்டு, மேலே வேறு விலை ஒட்டியிருந்தது. வாங்கலாமா?
— ஒரு தந்தை, அன்புவழிபுரம்

அந்த டின்னைத் தொடவே வேண்டாம். பொருளின் விலைக்குறியையோ விபரச்சீட்டையோ அழிப்பதும் மாற்றுவதும், அப்படி மாற்றியதை விற்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். எழுத்தில் முறையிடுவதென்றால், வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் உங்கள் பக்கம் பலவீனம். விலையைச் சுரண்டியவர் காலாவதித் திகதியை மட்டும் விட்டுவைத்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

சரியான விலையில் கிடைத்தாலும் மகனுக்கு அது தேவையா? ஐம்பது கிலோ நிறையுள்ள பையனுக்கு ஒரு நாளைக்கு 45 முதல் 50 கிராம் புரதம் போதும்; கடுமையாகப் பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம். இரண்டு முட்டையில் 12 கிராம். காலையில் மீன்வாடியில் வாங்கும் சூடை மீனோ கீரி மீனோ நூறு கிராம் தின்றால் ஏறக்குறைய 20. அவித்த பயறு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 14. சோறும் பாலும் தருவது வேறு. கணக்கு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. சில புரத மாக்களில் விபரச்சீட்டில் எழுதாத ஊக்கமருந்துகள் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தேசிய மட்டத்தில் விளையாட நினைக்கும் பையன் அதனால் தடைக்கும் உள்ளாகலாம். தெரியாமல் குடித்தேன் என்பது அங்கே எடுபடாது. கஃபீன் நிறைந்த சக்தி பானங்களும் அந்த வயதுக்கு வேண்டாம்.

ஆறு வயது மகள் கராத்தே வகுப்புக்குப் போகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு பட்டிப் பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். கட்டாயமா?
— ஒரு தாய், தம்பலகாமம்

அந்த வயதில் அவளுக்கு வேண்டியது உருளவும் தாவவும் ஒற்றைக்காலில் நிற்கவும் விழுந்தால் அடிபடாமல் விழவும் பழகுவது. பட்டியின் நிறம் மாறுவதால் இவற்றில் எதுவும் கூடிவிடாது. ‘வருடத்துக்கு ஒரு பரீட்சை மட்டும் எழுதுகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஆசிரியர் ஒத்துக்கொள்வார்.

உப்புவெளியில் கடலில் நீச்சல் பழக்குகிறார்கள். 11 வயது மகளைச் சேர்க்க ஆசை. உடை மறைப்பாகவும் இருக்க வேண்டும். எதைக் கவனிப்பது?
— ஒரு தாய், கிண்ணியா

கடல் சூழ்ந்த மாவட்டத்தில் நீச்சலுக்குப் போடும் பணம் வீணில்லை என்பது என் கட்சி. மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கக் கடல் அடங்கியிருக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பிறகும் ‘வகுப்பு நடக்கும், வாருங்கள்’ என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். உயிர்காப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் தண்ணீருக்குள் நின்று பழக்கும்போது இன்னொருவர் கரையில் நின்று தலைகளை எண்ண வேண்டும். ஒருவருக்கு நாலைந்து பிள்ளைக்கு மேல் என்றால் நான் சேர்க்க மாட்டேன். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான். அவற்றை நம்பி ஆழத்துக்கு விடக்கூடாது.

உடையில் துணிதான் முக்கியம். வீட்டில் போடும் பருத்திச் சட்டையும் நீளக் காற்சட்டையும் தண்ணீர் குடித்துப் பாரமாகிப் பிள்ளையைக் கீழே இழுக்கும். நைலோன் அல்லது பொலியெஸ்டரோடு இழுபடும் நூல் கலந்த முழுநீள நீச்சல் உடைகள் இருக்கின்றன. உடலோடு அணைந்து நிற்கும் அளவைத் தெரிவுசெய்து, மேலே முழங்கால்வரை ஒரு மெல்லிய பாவாடைப் பகுதி உள்ளதை வாங்கலாம். தலைத்துணி தனியாகக் கட்டுவதாக இல்லாமல் உடையோடு தைத்ததாக இருக்கட்டும். நிறம் நீலமோ சாம்பலோ வேண்டாம். செம்மஞ்சளோ கடும் இளஞ்சிவப்போ என்றால் கரையிலிருந்து கண்ணுக்குப் படும்.

பாவித்த ட்ரெட்மில் ஒன்று மலிவாக வருகிறது. வீட்டில் நாலு வயதுப் பேரன் இருக்கிறான். வாங்கலாமா?
— ஒரு தாத்தா, நிலாவெளி

அவசரக் காலத்தில் இயந்திரத்தை நிறுத்தும் சாவி கூடவே வருகிறதா என்று முதலில் பாருங்கள். பாவித்த இயந்திரங்களில் பெரும்பாலும் தொலைந்திருப்பது அதுதான். ஓடும் பட்டியில் சின்னப் பிள்ளையின் கை உராய்ந்தால் தோல் எரிந்து உரிந்துவிடும். 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை ட்ரெட்மில்லின் அடியில் இழுபட்டு இறந்த பிறகு, பெலோட்டன் நிறுவனம் அந்த வகை இயந்திரங்கள் சுமார் 125,000ஐத் திருப்பி அழைத்தது. சாவி இருந்தால், பூட்டக்கூடிய அறை இருந்தால் வாங்குங்கள். நடந்து முடித்ததும் மின்செருகியைக் கழற்றிவிட்டு, சாவியைப் பேரனுக்கு எட்டாத அலுமாரித் தட்டில் வையுங்கள்.