ஸ்கூலில் காயத்தைப் பற்றிக் கேட்டார்களா? பயப்படாமல் பேசுங்கள் தங்கச்சி

இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது, மகள் இயர் 2 (6-7 வயது வகுப்பு), மகன் இயர் 5 (9-10 வயது வகுப்பு) என்று எழுதியிருந்தீர்கள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மகள் கையில் பட்ட காயத்தைப் பற்றி டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று தூக்கமே வரவில்லை, கணவர் வாயே திறக்க வேண்டாம் என்கிறார். இருவருக்கும் ஷிப்ட் வேலை என்பதால், மாலையில் அண்ணனே தங்கையைக் கூட்டிவந்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பிரிக்க மாட்டார்கள். உடனடி ஆபத்து இருந்தாலொழிய, கோர்ட்டு உத்தரவு இல்லாமல் பெற்றோரிடமிருந்து பிள்ளையை எடுத்துவிட முடியாது. ஆனால் வாய் திறக்காமல் இருப்பது மட்டும் வேண்டாம். அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் என் மகள் ரிசப்ஷன் என்ற முதல் வகுப்பில், நாலைந்து வயதில் இருந்தாள். பி.இ. என்ற உடற்பயிற்சி வகுப்புக்கு உடை மாற்றும்போது அவள் இடுப்புக்குக் கீழே நீலமாக ஒரு திட்டு இருந்ததை டீச்சர் பார்த்திருக்கிறார். பிறந்ததிலிருந்தே இருந்தது, நம் பிள்ளைகள் பலருக்கு இருக்கும், பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அடிபட்டுக் கன்றியது போலத் தெரியும். சாயங்காலம் என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது, ஆங்கிலம் வரவில்லை. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். அதனால்தான் சந்தேகம் பெரிதானது. ஜிபி, அதாவது நம் குடும்ப டாக்டர், ஒரு கடிதம் கொடுத்ததும் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. சேர்க்கும்போதே நான் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாளும் இருந்திருக்காது.

அவர்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுப் பெண், ஐவரி கோஸ்டிலிருந்து உறவினரோடு வந்தவள், அந்த உறவினர் வீட்டில் நடந்த கொடுமையால் 2000-இல் லண்டனில் இறந்தாள். ஆஸ்பத்திரி, சமூகப் பணியாளர்கள், போலீஸ் எல்லாரும் அவளைப் பார்த்திருந்தார்கள், ஒருவரும் காப்பாற்றவில்லை. லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணைக்குப் பிறகு 2004-இல் குழந்தைகள் சட்டமே புதிதாக வந்தது. அவளும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்த பிள்ளைதான். அதை அறிந்த பிறகு, என் பிள்ளையிடம் அந்த டீச்சர் கேட்டது எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஸ்கூலிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு சேஃப்கார்டிங் லீட் என்று பொறுப்பான ஒருவர் இருப்பார். பெயரும் படமும் பெரும்பாலும் வரவேற்பறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அவரிடம் நீங்களே போய், எந்த நாள், எங்கே, எப்படி விழுந்தாள் என்று சொல்லுங்கள். மொழி தடுக்கிறது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்க்க மகனை இடையில் நிறுத்தாதீர்கள். அவன் தோளில் ஏற்றும் பாரமில்லை அது. இனிமேல் வீட்டில் விழுந்து அடிபட்டால், மறுநாள் காலை கேட்டிலேயே டீச்சரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபத்தில் பிள்ளை முதுகில் ஒன்று வைப்பதை நம்மில் பலர் தப்பாகவே நினைப்பதில்லை. ஸ்காட்லாந்தில் 2020-லும் வேல்ஸில் 2022-லும் அது முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் சட்டம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது, ஆனால் தடிப்போ கன்றிய தழும்போ விழுந்தால் அது குற்றம். சட்டம் கிடக்கட்டும். புது நாடு, புது மொழி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத வகுப்பு. அங்கிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு நம் கையும் பயமாகிவிடக் கூடாது.

அடுத்தது மகன். எந்த வயதில் பிள்ளையைத் தனியாக விடலாம் என்று இங்கே சட்டம் ஒரு எண் சொல்வதில்லை. ஆனால் ஆபத்து வரும்படி விட்டால் பெற்றோர்மேல் வழக்கு வரும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நெடுநேரம் தனியே விட வேண்டாம் என்பது என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்பின் அறிவுரை. இயர் 5 பையன் தங்கையைப் பார்த்துக்கொள்வது சரிவராது. அவனிடம் அவளை ஒப்படைக்கப் பல ஸ்கூல்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள். ஆஃப்டர் ஸ்கூல் கிளப்பில் இடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். இல்லையென்றால் பதிவு செய்த சைல்ட்மைண்டர் (தன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்பவர்) யாராவது அந்த ஸ்கூலிலிருந்து கூட்டிப்போகிறாரா என்று பாருங்கள். யார் கூட்டிப்போகலாம் என்ற பெயர்களை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்குத் தெரிய வேண்டிய சின்ன விஷயங்களும் சில உண்டு. கார் வாங்கினால், 135 செ.மீ. உயரமோ 12 வயதோ, எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்கு ஏற்ற கார் சீட் வேண்டும். பல் வைத்தியம் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் 18 வயது வரை இலவசம். வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை ஸ்கூலுக்கு அனுப்பக் கூடாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது கஷ்டம்தான், யார் லீவு போடுவது என்று இப்போதே பேசி வையுங்கள். நம் தோல் நிறத்துக்கு இங்கே கிடைக்கும் வெயில் போதாது, அதனால் வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் தினமும் கொடுப்பது பற்றி ஜிபியிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள். இலையுதிர் காலத்தில் ஸ்கூலிலேயே மூக்கில் ஃப்ளூ மருந்து விடுவார்கள். அதில் பன்றி ஜெலட்டின் உண்டு, வேண்டாம் என்றால் ஊசி கேட்கலாம். ஆனால் அதற்கு ஸ்கூல் அனுப்பும் சம்மதப் படிவத்தைப் பிள்ளையின் பையிலேயே மறந்துவிடாதீர்கள்.

மகளிடம் இந்த வாரமே ஒன்று பேசுங்கள். உள்ளாடை மூடும் இடம் அவளுடையது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மனதை வருத்தும் ரகசியத்தை அம்மாவிடம் சொல்லலாம். இதை என்.எஸ்.பி.சி.சி. 'பேன்ட்ஸ்' என்ற பெயரில் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லித் தருகிறது. பிள்ளைகளே போன் செய்து பேசக்கூடிய உதவி எண்ணான சைல்ட்லைன் எண் 0800 1111-ஐ மகனை மனப்பாடம் செய்ய வையுங்கள். இலவசம், போன் பில்லிலும் வராது. நம்மிடம் சொல்ல முடியாதது ஒன்று அவனுக்கு இருந்தால், யாரிடமாவது சொல்லட்டும்.

நாளைக் காலை கணவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.