எதிர்க்கடையை எட்டிப் பார்க்கலாமா? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பக்கத்துக் கடைக்காரரைப் பற்றித்தான். குன்னூரில் 11 வருஷம் ஹோம்ஸ்டே நடத்தி, அதில் முதல் மூன்று வருஷத்தை அடுத்த வீட்டு வாசலில் நிற்கும் கார்களை எண்ணியே வீணாக்கினவள் நான். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

அக்கா, கோத்தகிரி பக்கம் இரண்டு அறை ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். ராத்திரி எதிர்வீட்டு ஹோம்ஸ்டேயின் ரிவ்யூ பார்க்காமல் தூக்கம் வருவதில்லை, பார்த்த பிறகும் வருவதில்லை. நிறுத்திவிடட்டுமா?

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். படுக்கையில் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். காலை 11 மணிக்கு, வந்தவர்கள் கிளம்பி அறையைப் பெருக்கித் துடைத்த பிறகு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தால் அதுவே வேலை. ஐந்து நட்சத்திரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள், 'வியூ சூப்பர்' என்பதை வைத்து என்ன செய்ய முடியும்? மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் வாத்தியார். காலையில் வெந்நீர் இல்லை, கடைசி அரை கிலோமீட்டரில் காரின் அடி தட்டியது, கம்பளியில் ஈர வாடை என்று நின்று நிதானமாக எழுதியிருப்பார். நான் அப்படிக் கோடு போட்டு எண்ணினபோது பாதிக்கு மேல் வெந்நீர்க் குறைதான். சிரித்துக்கொண்டே போய் என் கீஸரைத் திறந்து பார்த்தால், இரண்டாவது ஆள் குளிக்கும்போதே அதுவும் கையை விரித்தது!

தேதியையும் பாருங்கள். மே மாத சீசனில் எழுதினதும் ஜூலை மழையில் எழுதினதும் ஒன்றல்ல. எத்தனை ரிவ்யூ என்ற கணக்கை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அவர் எந்தக் காலத்தில் தொடங்கினாரோ, நீங்கள் எப்போது தொடங்கினீர்களோ. 2024 மே 7-ல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்ததற்கு முந்தைய கூட்டத்தையும் இன்றைய கூட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

கொடைக்கானலில் ஹோம்மேட் சாக்லேட் செய்கிறேன். எதிர்க்கடையில் என் விலையில் பாதிக்குக் கொடுக்கிறார்கள். நான்தான் எங்கோ தப்பு செய்கிறேனோ?

புலம்புவதற்கு முன்னால் அங்கே 100 கிராம் வாங்குங்கள். டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் என்று இருக்கிறதா, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் அது காம்பவுண்ட், அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த சாக்லேட். அதை டெம்பரிங் செய்ய (உருக்கின சாக்லேட்டைப் பதமான சூட்டுக்கு ஆற்றி உறையவைக்க) வேண்டிய அவசியம் இல்லை, அடக்க விலையும் குறைவு, வத்தலக்குண்டு வெயிலுக்கு இறங்கினாலும் உங்களுடையதைவிடத் தாங்கும். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். ஆக அவர் விற்பது வேறு சரக்கு, அதோடு உங்கள் விலையை ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமில்லை. ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: பஸ்ஸில் ஊருக்குப் போகிறவருக்கு எப்படிக் கட்டிக் கொடுக்கிறார்கள் என்று பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அப்புறம், உங்கள் துண்டின் மேல் வெள்ளை பூத்திருந்தால் முதலில் டெம்பரிங்கைச் சரிபார்க்க வேண்டியது நீங்கள்தான், அதற்கு எதிர்க்கடை என்ன செய்யும்?

யாருக்கும் தெரியாமல் போட்டிக் கடைக்குள் போய்ப் பார்ப்பது எப்படி?

நம் ஊரிலா? நீங்கள் மார்க்கெட் தாண்டுவதற்குள் உங்கள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். வணக்கம் சொல்லி உள்ளே போங்கள், காசு கொடுத்து வாங்குங்கள்.

பார்த்ததை அப்படியே செய்தால் காப்பி ஆகாதா?

அவர் எடுத்த போட்டோவையும் எழுதின வாசகத்தையும் தொடாதீர்கள். வந்தவருக்கு முதலில் சுக்குக் காபி கொடுப்பது யார் சொத்தும் இல்லை.

பூம்பாறையில் எங்கள் தோட்டத்துப் பூண்டைப் பொட்டலம் போட்டு அனுப்புகிறோம். மற்றவர்களின் பளபளப்பான பாக்கெட்டைப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது.

தம்பி, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு (அந்தப் பகுதியில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற அங்கீகாரம்) கிடைத்தாயிற்று. அந்தப் பளபளப்புக்குள் இருப்பது எந்த ஊர்ப் பூண்டு என்று முதலில் பாருங்கள். பல்லை உரித்து நசுக்கி முகர்ந்தாலே பாதி தெரிந்துவிடும். பிறகு ஒரே ஒரு கேள்வியோடு ஐந்து பாக்கெட்டைப் புரட்டுங்கள்: எந்த மாதம் அறுத்தது என்று எதிலாவது போட்டிருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த பொட்டலத்தில் நீங்கள் போட்டுவிடுங்கள், ஸ்கெட்ச் பேனாவில் கையால் எழுதினாலும் போதும்.