வெறும் படகு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் எழுதிய பயணக் குறிப்பை வாசித்தேன். மனைவி, மகள், மாமனார், மைத்துனர் என்று குடும்பமாகப் படகேறி, அலாஸ்காவின் டனனா ஆற்றில் பன்னிரண்டு நாள் மூஸ் என்ற மான் வேட்டைக்குப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியதைச் சொல்லியிருந்தீர்கள். நான் சைவம். வேட்டை என்ற சொல்லே எனக்கு ஒப்பாது. ஆனாலும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

முடித்தபோது நிம்மதியாக இருந்தது. ஓர் உயிர் பிழைத்ததே! உங்களுக்கும் உள்ளூர அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். இறைச்சி கடையிலும் கிடைக்கும். அந்த ஆறும் குடும்பத்தோடு கழித்த நாட்களும் கடையில் கிடைக்குமா? என்னைக் கேட்டால் வெறுங்கையோடு திரும்பியதுதான் உங்கள் வெற்றி. ஆனால் குறிப்பு முழுக்க ஒரு கசப்பு ஓடுகிறது. அது ஏன்?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். துப்பாக்கியும் மோட்டார் படகும் இருந்தும் பன்னிரண்டு நாளில் ஒன்றுகூட அகப்படாதது எப்படி? புறப்படும் இடத்தில் உங்கள் மகள் ஏதோ சொல்ல, தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஒரு வரி வருகிறது. அப்படி என்ன சொன்னாள்?

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்

*

அன்புள்ள நண்பருக்கு,

கனிவோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் மறுத்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உங்கள் ஆறுதலை வாங்கிக்கொண்டால் பொய் சொன்னவனாவேன். எனக்கு உள்ளூர நிம்மதி எதுவும் இல்லை. கசப்பு தெரிந்தது என்றால், தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

ஃபேர்பேங்க்ஸில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஃப்ரீசர் இருக்கிறது. ஆள் படுக்கும் நீளம். இதை எழுத உட்காரும் முன் போய்த் திறந்து பார்த்தேன். சென்ற ஆண்டின் மூஸ் இறைச்சியில் நான்கு பொட்டலம், வெள்ளைத் தாளில் சுற்றி மனைவியின் கையெழுத்தில் தேதி போட்டது. இரண்டு பை காட்டு புளூபெரி. ஒரு பை பட்டாணி. மீதி இடத்தில் ஒருவிரல் கனத்துக்குப் பனி. இப்போது நவம்பர். அடுத்த செப்டம்பர் வரை அந்தப் பெட்டிதான் எங்கள் குதிர். நெல் இல்லாத குதிரைத் திறந்து பார்த்துவிட்டு “அறுவடைக் காலம் எவ்வளவு அழகாக இருந்தது” என்று உங்கள் ஊர் விவசாயி யாராவது சொல்வாரா?

மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது. கடமானைப் பார்த்தவர்கள் அதன் இரண்டு மடங்குக்கு மேல் நினைத்துக்கொள்ளலாம். இங்கே வளர்ந்த ஆண் 1,200 முதல் 1,600 பவுண்டு வரை எடை இருக்கும். பெரிய ஆண் ஒன்று விழுந்தால் எலும்பு, தோல், குடல் எல்லாம் கழித்து 500 பவுண்டு, அதாவது 225 கிலோ இறைச்சி தேறும். ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்குப் போதும். மாமியார் வீட்டுக்கும், வேட்டைக்குப் போக முடியாத கிழவிகள் இரண்டு மூன்று பேருக்கும் கொடுத்தது போக. தின்னத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம். கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தால் வழக்குதான்.

கடையில் கிடைக்காதா என்கிறீர்கள். கிடைக்கும். எங்கிருந்தோ கப்பலேறி, லாரியேறி வந்த மாட்டிறைச்சி, அதற்குரிய விலையில். நகரத்தில் சம்பளம் வாங்கும் நான் முனகிக்கொண்டே வாங்கிவிடுவேன். ஆற்றோர ஊர்களில் இருக்கும் என் மனைவியின் உறவினர்களால் முடியாது. அவர்களுக்கு முன்பெல்லாம் இரண்டு கை இருந்தது: கோடையில் சால்மன் மீன், இலையுதிர் காலத்தில் மூஸ். டனனா போய்ச் சேரும் யூக்கான் ஆற்றில் 2021-ல் சம் என்ற வகைச் சால்மனின் வரத்து அடியோடு சரிந்தது. சினூக் என்ற இன்னொரு வகை அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது. 2024-ல் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து யூக்கானில் சினூக் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தன. அந்த மீனின் ஒரு முழு ஆயுள் அவ்வளவு. மாமனார் பிறந்த ஊரில் மீன் உலர்த்தும் புகைக்கொட்டகைகள் பூட்டியே கிடக்கின்றன. ஆக ஒரு கைதான் மிச்சம். இந்த ஆண்டு அதுவும் வெறுங்கை.

இனி, ஏன் கிடைக்கவில்லை என்பது. படகும் துப்பாக்கியும் இருந்தால் மூஸ் தானாக வந்து நிற்கும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. மோட்டார் வேட்டைக்கு உதவாது, வேட்டை நடக்கும் இடத்துக்குப் போகத்தான் உதவும். மூஸுக்குக் கண் சுமார், காது கூர்மை. எங்கள் மோட்டார் சத்தம் அதற்கு எத்தனையோ வளைவுகளுக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். நெனானா என்ற ஊரில் சாலை ஆற்றைத் தொடுகிறது. அங்கே படகை இறக்கி ஆற்றோடு கீழே போனோம். பிறகு ஒரு கிளையோடையில் நுழைந்தோம். எந்த ஓடை என்று கேட்காதீர்கள். வங்கிக் கணக்கு எண்ணைக்கூடச் சொல்லிவிடுவார்கள், ஓடையின் பெயரைச் சொல்லமாட்டார்கள் இந்த ஊர்க்காரர்கள். நானும் கற்றுக்கொண்டுவிட்டேன்.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய வாரமெல்லாம் ஆற்றின் மேல்பகுதியில் மழை. டனனா பனியாறுகளின் வண்டல் கலந்து பால் விட்ட காபி நிறத்தில் ஓடும் ஆறு, அது ஏறிவிட்டது. மணல்திட்டுகள் மூழ்கிவிட்டன. கரை அரித்துச் சாய்ந்த ஸ்புரூஸ் மரங்கள் நீர்மட்டத்தில் கிடையாக நீட்டிக்கொண்டு கிடந்தன, தூக்கம் கலையாத படகோட்டியை வாரிக்கொண்டு போக. மழை நின்றதும் வெயில். செப்டம்பர் நடுவில் உதிர்ந்திருக்க வேண்டிய பிர்ச் இலைகள் அப்படியே மஞ்சளாய்த் தொங்கின. வில்லோப் புதர்களுக்குள் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்றே தெரியாது. ஆண் மூஸ்கள் இணை தேடி அலையத் தொடங்குவது செப்டம்பர் கடைசியில். அதை முடிவு செய்வது நாளின் நீளம்தான், வெப்பமில்லை என்கிறார்கள் உயிரியலாளர்கள். இருக்கலாம். ஆனால் வெயில் அடிக்கும் பகலில் அந்தக் கனத்த உடம்பும் ரோமமும் நிழலைவிட்டு அசையாது. கொயுகுக் என்ற இன்னோர் ஆற்றின் கரை மக்கள், இலையுதிர் காலம் பிந்துகிறது, வேட்டைப் பருவத்தையும் பிந்தி வையுங்கள் என்று வேட்டை விதிகளை வகுக்கும் வாரியங்களிடம் மனுப் போட்டிருக்கிறார்கள். மூஸ் மனுவைப் படிப்பதில்லை. அதிகாரிகள் நாட்காட்டியைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை.

தினமும் பெட்டைகளைப் பார்த்தோம். ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் சொன்ன மொழி நம்முடையது. மகளுக்கு அந்த இரண்டு சொல்லையும் இந்தப் பயணத்தில்தான் சொல்லிக்கொடுத்தேன். நான்காம் நாள் காலை முப்பதடி தூரத்தில் ஒரு பிணையும் கன்றும் கரையில் நின்று எங்களைப் பார்த்தன. எங்களுக்கு இருந்த அனுமதி ஆணுக்கு மட்டும். டப்பா இறைச்சியைச் சோற்றில் பிசைந்து தின்றுகொண்டே அவை தண்ணீர் குடிப்பதைப் பார்த்தோம்.

மாலைகளில் அழைத்துப் பார்த்தோம். மாமனாரிடம் பழைய காபி டப்பா ஒன்று உண்டு. அடியில் துளை, துளையில் ஒரு கயிறு. கயிற்றை நனைத்து விரலால் அழுத்தி இழுத்தால் பிணை முனகுவதுபோல நீளமாக ஒரு ஒலி வரும். இழுக்கும் வேலை மகளுக்கு. மாமனார் ஒரு பழைய மூஸின் தோள்பட்டை எலும்பால் காய்ந்த புதரைத் தேய்ப்பார். ஆண் கொம்பைத் தேய்ப்பதுபோல. பிறகு எல்லோரும் மூச்சடக்கி இருப்போம். எட்டு நாள் பதிலாகக் கொசு மட்டும் வந்தது.

ஒன்பதாம் நாள் அந்தி. முகாமுக்குத் திரும்பும்போது ஒரு வளைவு திரும்பினோம். கரையில் நின்றது. கொம்பில் ஈரமான புல் தொங்கியது. மைத்துனன் உடனே மோட்டாரை நிறுத்தினான். இங்கே ஒரு சட்டம் இருக்கிறது: மோட்டாரை அணைத்தால் மட்டும் போதாது, மோட்டார் கொடுத்த வேகமும் அடங்கியிருக்க வேண்டும். அதுவரை படகிலிருந்து சுடக்கூடாது. என் மனைவி படகின் முன்முனையில் துப்பாக்கியோடு மண்டியிட்டிருந்தாள். எங்களில் குறி தப்பாதவள் அவள்தான். படகு இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தது. மாமனார் கையை நீரில் விட்டு வேகத்தைப் பார்த்தார், மாட்டின் நாடி பார்ப்பதுபோல. “இன்னும் இல்லை” என்றார். மூஸ் தலையைத் திருப்பியது. “இன்னும் இல்லை.” பிறகு அது அவசரமே இல்லாமல், கடைவீதிக்குப் போகிற பெரியவர்போல, வில்லோவுக்குள் நடந்து மறைந்தது. இலை மூடிக்கொண்டது. மாமனார் கையை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதை மறைக்கமாட்டேன். அங்கே எங்களைத் தவிர ஆள் இல்லை.

ஓர் உயிர் பிழைத்தது என்றீர்கள். மறுநாள் விடியற்காலை அந்த வளைவின் திசையிலிருந்து இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. பிற்பகலில் எங்கள் முகாமைத் தாண்டி ஒரு படகு போனது. தண்ணீர் விளிம்பைத் தொடும் பாரம், மேலே கொம்பு. கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம், மைத்துனனைத் தவிர.

மகள் சொன்னது என்ன என்று கேட்டிருந்தீர்கள். நெனானாவில் இரண்டு பீப்பாய் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படகுக்காரர் எங்கே பயணம் என்று கேட்டார். அவள் “பெரிய மூஸ் சுடப் போகிறோம், நிச்சயம் கிடைக்கும்” என்றாள். பன்னிரண்டு வயது. மாமனார் யூக்கான் கரையில் பிறந்த கொயுகோன் பழங்குடி இனத்தவர். அவர்களிடம் ஹுட்லானி என்று ஒரு சொல் இருக்கிறது. செய்யக்கூடாதது, சொல்லக்கூடாதது எல்லாம் அதில் அடங்கும். வேட்டைக்குப் போகிறவன் விலங்கின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசக்கூடாது. விலங்குக்கு அது கேட்கும். அவர் எப்போதும் “ஆற்றைச் சற்றுப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்றுதான் சொல்வார். நம் வீடுகளில் ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்ல வைப்பார்கள் அல்லவா, அதன் தாயாதி. அவர் அவளைத் திட்டவில்லை. இன்றுவரை அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அதுதான் அவளை வாட்டுகிறது. தன்னால்தான் கிடைக்கவில்லை என்று நினைக்கிறாள். மழை, வெயில், இலை எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

உங்கள் குரலில் ஒலிக்கும் கேள்விக்கும் வருகிறேன். இந்த இறைச்சி இல்லாமல் இருக்க முடியாதா? எங்களுக்கு ஓராண்டு முடியும். ஆனால் இது உணவு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 1975-ல் மின்டோ என்ற பழங்குடி ஊரில் ஒரு சாவு. இறந்தவருக்கான பொதுவிருந்தில் மூஸ் இறைச்சி இல்லாமல் முடியாது என்பதால், பருவம் இல்லாத காலத்தில் ஒரு மூஸைச் சுட்டார்கள். அதைக் கொண்டுவந்ததற்காக கார்லோஸ் ஃபிராங்க் என்பவர் தண்டிக்கப்பட்டார். 1979-ல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த விருந்து மதச் சடங்கு, மூஸ் இறைச்சி அதன் மையம் என்று ஏற்றுக்கொண்டது. இப்போது ஈமச் சடங்குக்கென்று பருவத்துக்கு வெளியே சுட விதியிலேயே இடம் உண்டு. உயிரோடு இருப்பவர்களின் ஃப்ரீசருக்கு இல்லை.

ஒரு செய்தி உங்களுக்கு ஒப்பும் என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில் இருட்டில் வாகனங்களில் அடிபட்டுச் சாகும் மூஸ்களை இங்கே வீணாக்குவதில்லை. பட்டியலில் பெயர் கொடுத்திருப்பவர்களைக் காவல் துறையினர் கூப்பிடுவார்கள். எந்த நேரமானாலும் எழுந்து போய் முழு உடலையும் சாலையிலிருந்து அகற்றிக்கொள்ள வேண்டும். நாங்களும் பெயர் கொடுத்திருக்கிறோம். கதவருகே ஒரு பிளாஸ்டிக் பெட்டி தயாராக இருக்கிறது: மூன்று கத்தி, சாணைக்கல், நெற்றியில் கட்டும் விளக்கு, தார்ப்பாய், துணிப்பைகள். மூடியின் மேல் மகள் கறுப்பு மையில் பெரிதாக ‘மூஸ்’ என்று எழுதி வைத்திருந்தாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்து போனார். அவர் போன பிறகு பார்த்தேன். அந்த எழுத்தின் மேல் சாம்பல் நிற டேப் ஒட்டியிருந்தது.

அன்புடன்,
உங்கள் நண்பன்