மாதவிடாய் வலிக்குச் சீன மூலிகைகள் பலன் தருமா?

மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை, தோழி டாங் குவெய் என்ற சீன மூலிகை வேரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறாள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நாள் சுருண்டு படுக்க இடம் தேடுகிறவர் என்று நினைக்கிறேன். எனக்குப் பலன் தந்தது. "எல்லாம் மனப்பிரமை" என்று எழுதக் காத்திருப்பவர்களே, நான் மருத்துவரும் இல்லை, மருந்துக்கடையும் வைத்திருக்கவில்லை.

சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் தோ பாயோவில் ஒரு சீன மருத்துவரிடம் கூட்டிப்போனார். இங்கே அவர்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், அதனால்தான் அம்மாவும் விட்டார். அந்த மருத்துவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் இரத்தம் என்ன நிறம், கட்டியாக வருகிறதா, வெந்நீர்ப் பை வைத்தால் குறைகிறதா என்று விசாரித்தார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

கொடுத்தது ஸி வூ தாங் என்ற கஷாயம். டாங் குவெய், சுவான் சியோங், வெள்ளைப் பியோனி வேர், பக்குவம் செய்த ரெமானியா கிழங்கு என்று நான்கு சரக்கு. சோங் அரசர்கள் காலத்து மருந்து நூலிலேயே இருக்கிறது. எனக்குக் குளிர்ச்சி உடம்பு என்று பட்டையும் சுக்கும் கூட்டினார். மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்ட வேண்டும், தார் மாதிரி கறுப்பாக வரும். வலிக்கும்போது குடிப்பதல்ல, மாதவிடாய் முடிந்த பிறகுதான். உதிரப்போக்கு அதிகமுள்ள நாட்களில் ஆன்ட்டி வீட்டில் டாங் குவெய் சூப்பே வைக்க மாட்டார்கள்.

சில மாதங்களில் முதல் நாளே எழுந்து நடமாட முடிந்தது. மெஃபனாமிக் என்ற வலி மாத்திரை குறைந்தது, நிற்கவில்லை. கஷாயத்தாலா, வயது ஏறியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2008 ஆய்வு 39 சோதனைகளை, 3,475 பெண்களைப் பார்த்துவிட்டு, பலன் இருப்பதுபோலத்தான் தெரிகிறது, ஆனால் சோதனைகளின் தரம் சரியில்லை என்றது. என் நிலையும் அதுதான்.

    

மாத்திரைக்கே அடங்கவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயாக இருக்கலாம், முதலில் பெண்கள்நல மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள், அதில் தெரியாமலும் போகும். வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ டாங் குவெய் வேண்டாம். இதெல்லாம் இல்லையென்றால் நாடி பார்க்கிறவரிடமே போய் வாங்குங்கள், ஆன்லைன் பொட்டலம் வேண்டாம்.