மூன்று வயது மகன் சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான், மிரட்டி ஊட்டலாமா?

வேண்டாம். மிரட்டியும் கெஞ்சியும் பார்த்துத் தோற்றவள் சொல்கிறேன்.

நாங்கள் யாங்கோனில் இருக்கிறோம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு கிண்ணம் பருப்புச் சோறு உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும், கையில் போன், மாமியார் "ஒரே ஒரு வாய் கண்ணு" என்று மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே ஓடுவார், அவள் அதைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து கடைசியில் துப்புவாள். கரண்ட் போய் போனில் சார்ஜும் இல்லாத நாளில் வீடே ரணகளம். ஒருநாள் மூக்கைப் பிடித்து ஊட்டினேன், எழுதவே கூசுகிறது. அதற்கப்புறம் கிண்ணத்தைப் பார்த்தாலே அழுகை.

டாக்டரம்மா வளர்ச்சி அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது, இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோதான் ஏறும், அப்புறம் பசி எப்படி முன்பு போல இருக்கும்? புது உணவைக் கண்டு மிரள்வதும் 2 முதல் 6 வயதுக்குள்தான் அதிகம். இரட்டைக் குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2024இல் வந்தது, இந்த அடம் பெரும்பாலும் மரபணுவில் வருவதாம். என் சமையலைக் குறை சொல்லும் மாமியாரிடம் காட்டினேன். "அப்போ உங்க வீட்டு வழிதான்" என்றார்.

எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொல்லும் வழி எனக்குப் பிடித்தது: என்ன, எப்போது, எங்கே என்பது நம் பொறுப்பு, எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. சொல்வது சுலபம். முதல் வாரம் அவள் ஏறக்குறைய எதையும் தொடவில்லை, எனக்குத்தான் தூக்கம் போனது. இருபது நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுவேன், திட்டும் கிடையாது, "சமத்து" என்ற பாராட்டும் கிடையாது. நடுவில் குடித்த பாலையும் குறைத்தோம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் அடங்கும், இரும்புச் சத்தும் குறையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா மொஹிங்கா (மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட பர்மிய உணவு) வாங்கி வந்து தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, வந்து மேலே கிடந்த பருப்பு வடையை எடுத்துக் கடித்தாள். நூடுல்ஸ் வாய்க்குப் போக இன்னும் எத்தனையோ ஞாயிறு ஆனது. ஒரு உணவைப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் காட்ட வேண்டியிருக்கும், மூன்றாவது தடவையிலேயே நாம் விட்டுவிடுகிறோம்.

உங்கள் மகனுக்கு எடை இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, வெளிறிப்போனாலோ, சாப்பிடும் உணவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் முதலில் பாட்டியைச் சமாளியுங்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் முடியவில்லை, நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஊட்டிவிடுகிறார்.