தாயாரின் பெயர் இரண்டு விதமாக இருக்கும்போது கனடா சூப்பர் விசா

கேள்வி: நாங்கள் மஸ்கெலியாப் பகுதியில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். அண்ணன் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று, அண்ணியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் டொரொன்டோவில் இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற எங்கள் அம்மாவைச் சூப்பர் விசாவில் (பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் கனடாவிலுள்ள தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளிடம் நீண்டகாலம் தங்கிவர அந்நாடு தரும் விசா) அழைக்க விரும்புகிறார். அம்மாவின் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் மாரியம்மா என்றும், அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் மாரியாயி என்றும் உள்ளது. முன்பு சாதாரண விசிட் விசா ஒன்றும் நிராகரிக்கப்பட்டது. அதை எழுதத் தேவையில்லை, பெயர் மாற்றிய சான்றிதழைத் தாமே எடுத்துத் தருவதாக முகவர் ஒருவர் சொல்கிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டு. துணைக்கு நானும் அதே விண்ணப்பத்தில் போக முடியுமா?

பதில்: முகவர் சொன்ன இரண்டையுமே செய்யாதீர்கள். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று விண்ணப்பப் படிவமே நேரடியாகக் கேட்கிறது. முந்தைய விண்ணப்பத்தின் விவரம் கனடிய அதிகாரிகளின் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. முன்னைய நிராகரிப்பு புதிய விண்ணப்பத்துக்குத் தடையல்ல, ஆனால் அதை மறைப்பது கனடியக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி பொய்யுரைத்தலாகும். அவ்வாறு தீர்மானிக்கப்பட்டால் உங்கள் தாயார் 5 ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் செல்ல முடியாது. முகவர் எடுத்துத் தருவதாகச் சொல்வது போலிச் சான்றிதழானால், அதற்கும் இதே விளைவுதான். இலங்கையில் அது குற்றவியல் பொறுப்பையும் கொண்டுவரும். கட்டணம் வாங்கிக்கொண்டு கனடிய விண்ணப்பம் ஒன்றைக் கையாளும் உரிமை அந்நாட்டுச் சட்டத்தரணிகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் போன்ற குறிப்பிட்ட சிலருக்கே உண்டு. அந்த முகவரிடம் உரிமம் உள்ளதா என்று கேளுங்கள்.

பெயர் வேறுபாட்டை நேர்வழியிலேயே தீர்க்கலாம். தோட்ட நிருவாகத்தின் ஊடாகப் பதிவான பிறப்புகளில், வீட்டில் கூப்பிட்ட பெயரை ஒருவர் சொல்ல, காதில் விழுந்தபடி இன்னொருவர் எழுதியதால் வந்த இத்தகைய வேறுபாடுகள் மலையகத்தில் ஏராளம். அதற்காக எங்கள் மக்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அண்ணனின் பிறப்புப் பதிவிலுள்ள தாயின் பெயரைத் திருத்த, உரிய பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் ஆதாரங்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். அது முடியும்வரை, இரண்டு பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று தாயார் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்றை முடித்து வைக்கட்டும். வெறும் சத்தியக் கடதாசி பலவீனமானது என்பதால், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், அண்ணனின் பாடசாலை விடுகைப் பத்திரம், தாயாரின் ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, கிடைக்குமானால் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்று ஆகியவற்றையும் இணையுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஒவ்வொன்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

இதைவிட முக்கியமானதும் பலர் பார்க்கத் தவறுவதுமான ஒன்று உண்டு. அண்ணன் தமது வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்தபோது, குடும்ப விவரப் படிவத்தில் தாயின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதியிருப்பார். அங்கே எந்தப் பெயரை, எந்தத் திகதியை எழுதினார் என்பது தெரியாமல் இப்போது ஒன்றை எழுதினால், தீர்ந்த சிக்கல் மறுபடியும் முளைக்கும். கனடாவிலிருந்தபடியே தகவல் அறியும் விண்ணப்பம் மூலம் அவர் தமது கோப்பின் பிரதியைப் பெறலாம். தாயாரின் சம்மதக் கடிதத்துடன், முன்னைய விசா மறுப்புக்கு அதிகாரி எழுதிவைத்த காரணக் குறிப்புகளையும் பெறலாம். முதலில் இந்த இரண்டு பிரதிகளும் கைக்கு வரட்டும்.

சூப்பர் விசா 2011 டிசெம்பரில் தொடங்கப்பட்டது. 10 ஆண்டுகள் வரை பலமுறை சென்றுவர இடமளிக்கிறது. 2022 ஜூலை 4 முதல், ஒரு தடவை நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். கடவுச்சீட்டு முடியும் திகதியைத் தாண்டி விசா செல்லாது என்பதால், தாயாரின் கடவுச்சீட்டுக்குக் குறைந்த காலமே மீதமிருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். அண்ணன் அழைப்புக் கடிதத்தில் செலவுகளை ஏற்பதாக உறுதியளித்து, குடும்பத்தின் ஆள்தொகைக்கேற்பக் கனடிய அரசு வகுத்துள்ள குறைந்த வருமான எல்லைக்கான அட்டவணைப்படி தமது வருமானத்தைக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் அவர்கள் நால்வருடன் அம்மாவும் சேர்ந்து ஐவர். அண்ணனின் வருமானம் மட்டும் போதாவிட்டால் அண்ணியும் கையொப்பமிட்டுத் தமது வருமானத்தைச் சேர்க்கலாம்.

மருத்துவக் காப்புறுதி குறைந்தது 1,00,000 கனேடிய டொலர் அளவில், நுழையும் நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும். விலைக்கோரலை மட்டும் காட்டினால் ஏற்கமாட்டார்கள். முழுப்பணமோ, தவணைத் திட்டமாயின் முற்பணமோ செலுத்தியிருக்க வேண்டும். சீனி வருத்தத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, அங்கே வைத்தியசாலையில் சேர்க்க நேர்ந்தால், நிறுவனம் கொடுப்பனவை மறுக்க, பெருங்கடன் அண்ணன் தலையில் விழும். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். மருத்துவப் பரிசோதனை கனடா அங்கீகரித்த மருத்துவரிடமே செய்யப்பட வேண்டும்; ஊர் வைத்தியரின் அறிக்கை செல்லாது.

தாயார் திரும்பிவருவார் என்பதில் அதிகாரிக்கு நம்பிக்கை ஏற்பட வேண்டும். லயன் அறைக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. ஆகவே சொத்தைக் காட்ட முடியாத குடும்பங்கள் மனம் தளர்ந்துவிடுகின்றன. சொத்து ஒன்றே அளவுகோல் அல்ல. நீங்கள் இங்கே இருப்பது, பேரப்பிள்ளைகள் இங்கே இருந்தால் அவர்கள், வங்கிப் புத்தகம், தாயார் தொடரும் சிகிச்சை ஆகியவற்றை ஒரு கடிதத்தில் உண்மையாக விளக்குங்கள். இல்லாத காணியையோ திடீரென வைப்பிட்ட பெருந்தொகையையோ காட்டாதீர்கள். பிற்காலத்தில் நிரந்தரமாக வாழும் ஆசை இருப்பதே மறுப்புக்குக் காரணமாகாது என்று அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதித்த காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்பதே நிரூபிக்கப்பட வேண்டியது.

நீங்கள் இந்த விண்ணப்பத்தில் சேர முடியாது. சூப்பர் விசா பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் உரியது. விண்ணப்பதாரரைச் சார்ந்து வாழ்வோரை அதில் சேர்க்க இடமில்லை. தாயாரைக் கொண்டுபோய் விட்டுவர விரும்பினால், உங்கள் பெயரில் சாதாரண விசிட் விசாவுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

மறுபடியும் மறுத்தால், மேன்முறையீட்டு உரிமை கிடையாது. கனடாவின் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வுக்கு (அதிகாரியின் முடிவு சட்டப்படி சரியாக எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது) அனுமதி கோரலாம்; வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவுக்கு அதற்கான காலம், முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 60 நாட்கள். மறுப்புக் கடிதம் வந்த அன்றே அதை அண்ணனுக்கு அனுப்பி, அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.